சபாபதியின் தொண்ணூற்று மூன்று ஸ்லைடுகள்

1996 மார்ச்சில் ஒரு புதன்கிழமை, சபாபதியின் கண்ணில் கோளாறு என்று ஒரு காகிதம் சொன்னது. ஆள் யாராவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பார். காகிதத்தை என்ன செய்வது? திட்டினாலும் திருப்பிப் பேசாது, கிழித்தாலும் அதற்கு இன்னொரு நகல் இருக்கும்.

மலேசியாவில், கிள்ளான் ஊரில் ஒரு நெஞ்சு நோய் கிளினிக். பெயர் எதற்கு, விடுங்கள். அதன் பின்பக்கம், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்த மாதிரி ஓர் ஆய்வுக்கூடம். ஒரு மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மைக்ராஸ்கோப். அந்த மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் சபாபதி. இருமிக்கொண்டு வருகிறவர்கள் மூன்று டப்பாவில் சளி கொடுப்பார்கள். வந்த அன்றைக்கு ஒன்று, மறுநாள் காலையில் எழுந்ததும் ஒன்று, கிளினிக்குக்கு வந்து இன்னொன்று. அதைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஏற்றி, நீலத்தில் கழுவி, டிபி கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவர் வேலை. நீலப் பரப்பில் சிவப்புக் கோடு மாதிரிக் கிடக்கும் கிருமி. ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்த்தால் போதும் என்பது விதி. சபாபதி முந்நூறு இடம் பார்ப்பார்.

"என் கண்ணுக்குத் தப்பி ஒரு டிபி கிருமி கிள்ளானைத் தாண்டினதில்ல" என்று, தான் குடியிருக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சொல்வார். கேட்கிறவர் கேட்டாரா, இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. அவர் மனைவி வள்ளியம்மா மட்டும், "ஆமா, கிருமியெல்லாம் நல்லா தெரியும். வீட்டுல கேஸ் தீர்ந்து மூணு நாளாச்சு, அது மட்டும் தெரியாது" என்பாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அக்கம்பக்கத்தில் யார் இருமினாலும், "எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டிடுங்க" என்று முதலில் சொல்கிறவள் அவள்தான்.

அந்தப் புதன்கிழமை, டாக்டர் தியாகராஜனின் அறைக்கு ரிப்போர்ட் கொடுக்கப் போனார் சபாபதி. மேசையில் அந்தக் காகிதம் விரித்துக் கிடந்தது. பக்கம் முழுக்கப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி அம்புகள், அம்புகளின் தலையில் கிரேக்க எழுத்துகள். அதில் ஓர் அம்பின் மேல் மட்டும் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தது. எச்ஐவி உள்ள டிபி நோயாளிகளில் ஆய்வுக்கூடம் தவறவிடுவது, பத்துக்கு ஆறு. பக்கத்தின் அடியில் உமையாள் என்று ஒரு பெயர்.

சபாபதியின் காது சூடேறியது.

"யார் டாக்டர் இந்த உமையாள்?"

"கோலாலம்பூர்ல யூனிவர்சிட்டி லெக்சரர். கணக்கு. டிபியும் எச்ஐவியும் ஒரே ஆளுக்கு வந்தா ஊர்ல என்ன ஆகும்னு மாடல் பண்றாங்க."

"மாடல்னா புடவை கட்டி மேடையில நடக்கறதுலா டாக்டர். இவங்க உக்காந்த இடத்துலேர்ந்து என் கண்ணைப் பத்தி எழுதியிருக்காங்க."

டாக்டர் தியாகராஜன் மெதுவாகப் பேசுகிறவர். அவசரத்தில் ஒரு முடிவும் எடுக்க மாட்டார். "அடுத்த புதன் வருவாங்க, மிஸ்டர் சபா. நீங்களே கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் சபாபதி பொருமிக்கொண்டே இருந்தார். உமையாள் வந்தாள். செட்டியார் வீட்டுப் பெண், முப்பத்தாறு வயதிருக்கும், தோளில் ஒரு துணிப்பை, கையில் பேனா மைக்கறை. டாக்டருக்குப் படித்திருக்கலாமே என்று அவள் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். ஆய்வுக்கூட வாசலில் நின்று, "மிஸ்டர் சபாபதி?" என்றாள்.

"வாங்க மேடம். கண்ணு தெரியாத ஆளைப் பார்க்க வந்தீங்களா?"

அவள் அசரவில்லை. அங்கே கிடந்த பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஆறு பெட்டி வரைந்தாள். மேலே மூன்று, கீழே மூன்று.

"இது நல்லா இருக்கிறவங்க. இது டிபி கிருமி உடம்புக்குள்ள தூங்கறவங்க, நம்ம ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான். இது கிருமி எழுந்து நோயானவங்க. கீழ் வரிசையும் அதே மூணுதான், ஆனா அவங்களுக்கு எச்ஐவியும் இருக்கு. அம்பு மேல இருக்கிற எண்தான் ஒரு பெட்டியிலேர்ந்து அடுத்ததுக்கு எவ்வளவு வேகமா ஆள் நகர்றாங்கன்னு சொல்லும். மேல் வரிசையில தூங்கற கிருமி எழுந்திருக்கறது ஆயுசுக்கே பத்துல ஒருத்தருக்குத்தான். கீழ் வரிசையில ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர்."

"ஆயுசுக்கு நடக்க வேண்டியது ஒரே வருஷத்துல நடக்குதா?"

"ஆமா. இந்த கிளினிக்ல எச்ஐவி உள்ளவங்க இருநூத்துச் சொச்சம். பாதிப் பேருக்குள்ள கிருமி தூங்குது. மூணு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா இருபத்தேழு பேர் டிபி ரெஜிஸ்டர்ல இருக்கணும். இருக்கறது பதினொண்ணு. பதினாறு பேர் எங்கே போனாங்க?"

சபாபதி காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு புரிந்துவிட்டது, அதுதான் எரிச்சலாக இருந்தது. புரியாமல் இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"உங்க கணக்கு தப்பா இருக்கலாம்லா?"

"இருக்கலாம். மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். இருமலோட இங்க வந்திருக்காங்க, சளி கொடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் காணோம். நடுவுல இருக்கறது இந்த ரூம் மட்டும்தான்." அவளும் விட்டுக்கொடுக்கிற ஜாதியில்லை.

"சரி. அந்த ஸ்லைடெல்லாம் இருந்தா?"

"மூணு மாசத்துல தூக்கிப் போடணும்னு விதியாச்சே?"

சபாபதி குனிந்து தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த திரையை விலக்கினார். இருபத்து மூன்று பிஸ்கட் டின்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து வந்த ஓர் இன்ஸ்பெக்டர் பழைய ஸ்லைடு ஒன்றைக் கேட்டு, இவரிடம் அது இல்லாமல், "அப்புறம் எதை வச்சு உங்களை நம்பறது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றையிலிருந்து சபாபதி ஒரு ஸ்லைடைக்கூட எறிந்ததில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கிராணி, அந்தக் குமாஸ்தா, இடமில்லை இடமில்லை என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

உமையாள் குனிந்து டின்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"டாக்டர்கிட்ட நம்பர் மட்டும் வாங்கிக் கொடுங்க" என்றார் சபாபதி. "பேர் வேணாம். எச்ஐவி ஃபைல் அலமாரியில இருக்கிறவங்கள்ல யார் யார் மூணு டப்பா கொடுத்து, நான் நெகட்டிவ்னு எழுதினேனோ, அந்த ஸ்லைடு நம்பர். அத்தனையும் திரும்பப் பார்க்கறேன். என் கண்ணு தப்புன்னா நானே எழுதித் தரேன். தப்பில்லன்னா அந்த அம்பை நீங்க அழிக்கணும்."

"அழிக்கறேன், அண்ணே" என்றாள் உமையாள். அந்த அண்ணே எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே தெரியாது.

முப்பத்தொரு பேர், ஆளுக்கு மூன்று ஸ்லைடு, மொத்தம் தொண்ணூற்று மூன்று. பட்டியலைக் கொடுக்கும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அந்த முப்பத்தொரு பேரில் பதினான்கு பேர் ஒரு வருஷத்துக்குள் இறந்துவிட்டார்கள். டிபி என்று எங்கேயும் எழுதவில்லை.

அதே வாரம்தான் சின்னையா வந்தான். ஜெஞ்சாரோம் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன். முப்பத்து நாலு வயதுக்கு நாற்பத்தைந்து கிலோ. எச்ஐவி இருப்பது போன வருஷமே தெரியும், அவனுக்கும் தெரியும், அவன் மனைவி தங்கமணிக்கும் தெரியும். மூன்று டப்பா கொடுத்தான். சபாபதி முந்நூறு முந்நூறாகத் தொள்ளாயிரம் இடம் பார்த்தார். ஒரு சிவப்புக் கோடு கிடையாது. நெகட்டிவ் என்று முத்திரை குத்தினார். ஏனோ மனசு கேட்கவில்லை, மிச்சம் இருந்த சளியைப் புட்டியில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே முடிவு வர ஏழெட்டு வாரம் ஆகும்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன தங்கமணி பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். டாக்டர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

"அங்கிள், நீங்கதானே இதை எழுதினது?"

"ஆமாம்மா."

"ஒன்னுமில்லன்னு எழுதியிருக்கீங்க. தினமும் சாயங்காலம் ஆனா உடம்பு கொதிக்குது. விடிஞ்சா மூணு சட்டை பிழிஞ்சு காயப்போடறேன். ஒன்னுமில்லன்னா அப்புறம் எது இவரைத் தின்னுது? சொல்லுங்க, நான் கேட்டுட்டுப் போறேன்."

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. பதில் வேண்டும் என்று நின்றாள். "எனக்குக் கிருமி தெரியலம்மா" என்றார் சபாபதி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை அவரே நம்பவில்லை.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரமும், நாலு மணிக்கு மேல் இரண்டு மணி நேரமும் அந்தத் தொண்ணூற்று மூன்றுக்குப் போனது. பழைய ஸ்லைடை அப்படியே பார்த்துவிட முடியாது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சிவப்புச் சாயம் வெளுத்துப் போகும். இருக்கிற கிருமிகூட இல்லாத மாதிரி தெரியும். பார்த்தேன் இல்லை என்று சபாபதி சுலபமாக எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஒவ்வொன்றையும் கழுவி, திரும்பச் சிவப்புச் சாயம் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கைக் காட்டி ஆவி வர வைத்து, புதுசாகச் சாயம் ஏற்றினார். ஆய்வுக்கூடம் முழுக்கச் சாய நெடி. வள்ளியம்மா கட்டிக் கொடுத்த சோற்றை மூடியிலேயே வைத்து, ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் நேரம் பார்ப்பார்.

முதல் நாள் எட்டு ஸ்லைடு. எல்லாம் நெகட்டிவ். இரண்டாம் நாள் ஒன்பது. எல்லாம் நெகட்டிவ். நாலாம் நாள் அவர் விசிலடிக்க ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் உமையாள் போன் செய்து கேட்டபோது, "ரப்பர் வாங்கி வைங்க மேடம், அம்பு அழிக்கணும்" என்றார்.

ஏழாம் நாள், ஐம்பத்தெட்டாவது ஸ்லைடு, இருநூற்றுப் பதினொன்றாவது இடம். இரண்டு சிவப்புக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன.

சபாபதி கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். அங்கேயேதான் கிடந்தன. எழுந்து போய் முகம் கழுவினார். குழாயைத் திறந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. குழாய்த் தண்ணீரில் இதே நிறத்தில் சாயம் ஏறுகிற சாதுவான கிருமிகள் சிலசமயம் இருக்கும். ஸ்லைடு கழுவும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. இதுவும் நேற்றுக் கழுவியபோது வந்ததாக இருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் யாராலும் மறுக்க முடியாது. அவருக்கு மூச்சு லேசானது.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தேழு ஸ்லைடை அதே குழாயில்தான் கழுவினார். அதில் ஒன்றிலும் ஒட்டாத தண்ணீர்க் கிருமி இதில் மட்டும் வந்து ஒட்டுமா? அடேய் சபாபதி, யாரிடம் கதை விடுகிறாய்?

ரெஜிஸ்டரை எடுத்தார். 1994 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை. கூட வேலை செய்கிறவன் லீவு. ஒரே ஆளாக அன்றைக்கு நாற்பத்து நாலு ஸ்லைடு பார்த்திருந்தார். நாற்பதுக்கு மேல் பார்த்தால் எந்தக் கண்ணும் ஓயும். அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்தான். அவர் பெயர்ப் பத்தியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டிருந்தார். இப்போது விரலை எடுத்துப் படித்தார். அந்த ஆளை ஞாபகம் இருந்தது. கதவருகில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவர். டாக்டரின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இறந்த தேதி குறித்திருந்தது; அவர் சொன்ன பதினான்கில் இவரும் ஒருவர்.

ரெஜிஸ்டரை மூடினார். அவமானம் ஒரு பக்கம், அந்த மனிதரின் முகம் ஒரு பக்கம். பிறகு பேனாவை எடுத்து, தாளில் ஐம்பத்தெட்டுக்கு நேரே பாசிட்டிவ் என்று எழுதி, அதன் கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிச்சம் முப்பத்தைந்தையும் மேலும் நாலு நாளில் பார்த்து முடித்தார். அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் டாக்டர் அறையில் உட்கார்ந்தார்கள். சபாபதி தாளை மேசையில் வைத்தார்.

"தொண்ணூத்திரெண்டு சரி. ஒண்ணு தப்பு. என் தப்பு" என்றார்.

உமையாள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து மாடலை எடுத்து, அந்த அம்பின் மேல் இருந்த பத்துக்கு ஆறைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். கண்ணு தப்பினா பதினாறு பேர் போகலாம்னு மட்டும் யோசிச்சேன். கண்ணு சரியா இருந்தும் பதினாறு பேர் போக முடியும்னு தோணவே இல்ல. பெட்டி ஒண்ணு குறையுது, டாக்டர். நோய் இருக்கு, ஆனா சளியில கிருமி இல்லங்கற பெட்டி."

டாக்டர் தியாகராஜன் கண்ணாடியைக் கழற்றினார். "டிபியில நுரையீரல்ல குழி விழுமே, அது நம்ம உடம்பு கிருமியோட சண்டை போடறதால விழறது. எச்ஐவி வந்த உடம்புல சண்டை போட ஆள் இல்ல. குழி விழாது. குழி இல்லன்னா கிருமி சளிக்கு ஏறாது. ஆப்பிரிக்காவுல இப்படின்னு படிச்சிருக்கேன். இங்கயும் அப்படித்தான்னு யார் சொன்னா? என்கிட்ட ஆதாரம் இல்லையே."

"இப்ப இருக்கு" என்றாள் உமையாள்.

"அப்ப சின்னையாவுக்கு மருந்து ஆரம்பிங்க, டாக்டர்" என்றார் சபாபதி.

"உங்க பேப்பர்லயே நெகட்டிவ்னு இருக்கே, மிஸ்டர் சபா. டிபி மருந்து ஆறு மாசம். ஈரலைக் கெடுக்கும். ஆதாரம் இல்லாம நான் கொடுத்ததில்ல."

"என் பேப்பரைப் பார்க்காதீங்க டாக்டர்!" அவர் குரல் உயர்ந்தது. "எனக்குக் கிருமி தெரியல. அது மட்டும்தான் அந்தப் பேப்பருக்குத் தெரியும். அவனுக்கு நோய் இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? இத்தனை வருஷமா நான் இல்லன்னு எழுதினா நீங்க நோயே இல்லன்னு படிக்கிறீங்க. நானும் அப்படித்தான் படிச்சேன். அந்தப் பொண்ணு வந்து எது தின்னுதுன்னு கேட்டா. கிருமி தெரியலன்னுதான் சொன்னேன்."

இருபத்திரண்டு வருஷமாகத் தன் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்று இருந்த மனிதர், தன் வார்த்தையைக் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு அது புரிந்தது. உமையாளைப் பார்த்தார்.

"காய்ச்சல், மெலிவு, எச்ஐவி, மூணு டப்பா நெகட்டிவ். இப்படி வர்றவங்கள்ல பாதிக்கு மேல டிபின்னு என் கணக்கு சொல்லுது" என்றாள் அவள். "காத்திருந்தா அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடைக்கும். ஆனா ஆள் இருக்க மாட்டார்."

அன்று மத்தியானமே சின்னையாவைக் கூப்பிட்டனுப்பி எக்ஸ்ரே எடுத்தார்கள். குழி இல்லை, நுரையீரலின் கீழ்ப்பக்கம் மங்கலாக ஒரு நிழல் மட்டும். டாக்டர் தியாகராஜன் அரை மணி நேரம் அதை வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். அப்போது சின்னையாவின் எடை நாற்பத்தொரு கிலோ.

எச்ஐவிக்கு அந்த நாளில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது. டிபிக்கு இருந்தது. மூன்றாவது வாரம் காய்ச்சல் நின்றது. தங்கமணி சாயங்காலக் காய்ச்சலைக் குறிக்க வைத்திருந்த நோட்டில் மூன்று நாள் காலியாக இருந்தது. ஆறாவது வாரம் அவன் நாற்பத்தாறு கிலோ. அதே வாரம் பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. பச்சை நிறப் புட்டியில் ரொட்டித் தூள் மாதிரி டிபி கிருமி வளர்ந்திருந்தது. சபாபதி அந்தப் பதிலைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு வீட்டுக்குப் போய் வள்ளியம்மாவிடம் காட்டினார். "உங்க கண்ணுக்குத் தெரியாதது இருந்திருக்கு" என்றாள் அவள். "இருந்திருக்கு" என்று சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்பது அவள் கட்சி.

ஆகஸ்ட்டில் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். நெஞ்சு நோய் டாக்டர்கள் எண்பது பேர். முன் வரிசையில், நாட்டின் டிபி ஒழிப்பு வேலைக்குத் தலைமை வகித்த மலாய்க்கார மூத்த டாக்டர். அவர் தலையாட்டினால்தான் புது நடைமுறை கிளினிக்குகளுக்குப் போகும். எச்ஐவி உள்ளவருக்கு மூன்று டப்பா நெகட்டிவ் என்றால் வீட்டுக்கு அனுப்பாதே. எக்ஸ்ரே எடு, கிருமி வளர்த்துப் பார், சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை ஆரம்பி. உமையாள் கேட்டது அவ்வளவுதான். சபாபதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின். பிரிக்பீல்ட்ஸிலிருந்து டாக்சியில் அதைக் குழந்தையைத் தூக்கி வருவது போல் தூக்கி வந்திருந்தார்.

உமையாள் ஏழு பெட்டிகளையும் திரையில் காட்டினாள். அந்த ஏழாவது பெட்டியில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்காமல் விட்டால் பத்து வருஷத்தில் கோடு எங்கே ஏறும், கண்டுபிடித்தால் எப்படிச் சாயும் என்று இரண்டு கோடு காட்டினாள். பிறகு சொன்னாள்: "இந்த மாடலில் பத்தொன்பது எண்கள் இருக்கின்றன. பதினெட்டு எண்களை மற்றவர்களின் ஆய்வுகளிலிருந்தும் ஊகத்திலிருந்தும் எடுத்தேன். ஒரே ஓர் எண்ணை மட்டும் இங்கேயே, ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தோம். தொண்ணூற்று மூன்றில் தொண்ணூற்றிரண்டு. மாடல் நிற்பது அதன் மேல்தான்."

மூத்த டாக்டர் கையை உயர்த்தினார். குரலில் கோபம் இல்லை, சந்தேகம் மட்டும் இருந்தது.

"அந்த ஸ்லைடுகளை இரண்டாவது முறை படித்தவர் யார்?"

"முதல் முறை படித்தவரேதான்."

மண்டபத்தில் சலசலப்பு. நாலைந்து பேர் சிரித்தேவிட்டார்கள். "தன் விடைத்தாளைத் தானே திருத்தியிருக்கிறார்" என்றார் மூத்த டாக்டர். "இதை வைத்து நாடு முழுக்க நடைமுறையை மாற்றச் சொல்கிறீர்களா?"

உமையாளுக்கு முகம் வெளுத்தது. பதில் கடைசி வரிசையில் இருந்தது. சபாபதி எழுந்தார். நடக்கும்போது டின்னுக்குள் கண்ணாடிகள் கிலுகிலுத்தன. முன் வரிசை வரைக்கும் போய் மூத்த டாக்டரின் மேசையில் டின்னை வைத்து மூடியைத் திறந்தார். மலாயில்தான் பேசினார்; இருபத்திரண்டு வருஷ அரசாங்கச் சேவகத்தில் அது நன்றாக வரும்.

"தொண்ணூற்று மூன்றும் இதில் இருக்கின்றன, டாக்டர். புதிதாகச் சாயம் ஏற்றியவை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இது ஐம்பத்தெட்டு." ஒரு ஸ்லைடைத் தனியாக எடுத்து வைத்தார். "இருநூற்றுப் பதினொன்றாவது இடத்தில் இரண்டு கிருமி. தொண்ணூற்று நாலில் நான் தவறவிட்டேன். அந்த மனிதர் அந்த வருஷமே இறந்துபோனார். மருந்து கிடைத்திருந்தால் இருந்திருக்கலாம்."

மூத்த டாக்டர் அந்த ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெறும் கண்ணில் ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

"நீங்கள் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

"இல்லை."

"இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே."

"எனக்குத் தெரியுமே, டாக்டர்."

மூத்த டாக்டர் ஸ்லைடை டின்னில் வைத்து, மூடியைத் தன் கையாலேயே மூடி, திரும்பி மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ஒன்றைச் சொன்னவர் மற்ற தொண்ணூற்றிரண்டில் பொய் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு வேறு ஆய்வு வேண்டாம்." அங்கேயே பேனாவை எடுத்து உமையாளின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் தியாகராஜன்தான் முதலில் கை தட்டினார், மெதுவாகப் பேசுகிற அந்த மனிதர். சபாபதி டின்னைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி நடந்தார். எண்பது டாக்டர்களும் எழுந்து நின்றார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு கையாலும் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டார். அதற்குள் அந்த ஐம்பத்தெட்டாவது ஸ்லைடும் இருந்தது.